மிதித்தால் வரும் சத்தம்

என் தொழிலைச் சொன்னால் எங்கள் மர்பி டவுனில் யாருக்கும் புரிவதில்லை. கிட்டார் வாசிக்கிறவரின் காலடியில் ஒரு பலகை கிடக்கும். அதன்மேல் சோப்பு டப்பா அளவில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். பெடல் என்பார்கள். அவற்றை வரிசையாக அடுக்கி, வயர் இழுத்து, கரண்ட் கொடுத்து, பலகையில் ஒட்டித் தருவது என் வேலை. பெண் பார்க்கப் போன வீட்டில் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். பெண்ணின் அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "ஓ, எலக்ட்ரீஷியன்" என்றார். இப்போது அவர் என் மாமனார். இன்றைக்கும் அவர் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் எனக்குத்தான் போன் வரும்.

பெங்களூரில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு மாலையானால் தாங்கள் பிறவிக் கலைஞர்கள் என்ற ஞாபகம் வந்துவிடும். கலைஞர் என்றால் வாசிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அது பழைய காலத்து வழக்கம். இப்போது பெடல் வாங்கினால் போதும். வாங்கிய பெடலைப் படம் பிடித்துப் போட வேண்டும். பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஓடும் வயர்களையும் படம் பிடித்துப் போட வேண்டும். அடிப்பக்கத்து வயர் நேர்கோட்டில் இல்லை என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. கிட்டாரில் ஒரு கம்பி அறுந்து மாதக்கணக்கில் ஆனது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் முடிசூடா மன்னர் ஒருவர் இருந்தார். தொம்மலூரில் ஆபீஸ், லிங்கராஜபுரத்தில் அப்பா அம்மாவோடு சொந்த வீடு. நாற்பது வயது தாண்டியவர். அவருடைய பலகை கதவு அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை நான் வேலையை முடித்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைக்கும்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "பாஸ், இது ஒண்ணு மட்டும் சேத்துட்டா முடிஞ்சிரும்." மறுபடி எல்லா வயரையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பேன். வேறு எந்த வாடிக்கையாளர் என்னை இவ்வளவு வாழ வைத்தார்? திட்டிக்கொண்டே நன்றியோடும் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பலகையை அவர் வீட்டு மாடி அறையில் கொண்டுபோய் வைத்தேன். பலகையின் ஓரத்தில் ஹெட்போன் மாட்டும் சாக்கெட் பழசாகிவிட்டது என்று புதிது கேட்டிருந்தார், அதையும் போட்டிருந்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் கீழே இறங்கி வந்தேன். அவருடைய அம்மா டீ கொடுத்தார்.

"நல்லா வாசிக்கிறானாப்பா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி?"

"எனக்கு எங்க தெரியும்? காதுல அத மாட்டிக்கினு கதவச் சாத்திக்குவான். வெளிய டக் டக்னு கம்பி சத்தம்தான் கேக்கும். இருபது வருசமா அதான் கேக்குறேன். சத்தமா வாசிடான்னா, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவுன்றான். பக்கத்து வீட்டுல நாய் வளக்குறாங்க, அதுக்கு இல்லாத வெக்கம் இவனுக்கு."

அடுத்த மாதம் அவருக்கும் கணவருக்கும் திருமணப் பொன்விழா. மாதா கோயிலில் பூசை. சாமியார் அப்பம் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் மகன் தனியாக வாசிக்க வேண்டும், பரிசு என்று வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "ஒரு தரம் காதால கேட்டுட்டா போதும்பா" என்றார்.

மகனுக்கும் ஆசைதான், அதைவிடப் பயம் அதிகம். அதனால் அந்த மாதத்தில் மட்டும் இன்னும் இரண்டு பெடல்கள் வாங்கினார். கோயில் எதிரொலிக்கு ஏற்ற எதிரொலிப் பெடல் வேண்டுமாம். கோயிலிலேயே எதிரொலி இருக்கிறதே சார் என்றேன். அது வேற இது வேற பாஸ் என்றார்.

பொன்விழா அன்று பலகையை நானே சுமந்து போய் முன்பக்கம் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. நான் பின்பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் அருகே போய் நின்றுகொண்டேன். நற்கருணை தொடங்கியது. முதலில் அப்பாவும் அம்மாவும் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் முழங்காலிட்டார்கள். மகன் எழுந்து நின்றார், கம்பிகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தார், கண்ணை மூடினார், வாசித்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே புரிந்தது. பலகையில் முதலில் இருப்பது ட்யூனர் பெடல். கம்பிகளைச் சுருதி சேர்க்கும் கண்றாவிச் சத்தம் சபைக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக, அதை மிதித்தால் கிட்டாரின் சத்தம் மொத்தமாக அடைபடும். சுருதி பார்த்து முடித்ததும் மறுபடி மிதித்துத் திறக்க வேண்டும். மனுஷன் திறக்கவில்லை. அதன் பச்சை விளக்கு அங்கிருந்தே தெரிந்தது. சந்தைக்கு வந்த பெடலெல்லாம் வாங்கிக் குவித்தவர், சத்தத்தை அடைக்கிற பெடலை மட்டும் வைத்துக்கொண்டு கச்சேரி செய்தார். தனக்குக் கேட்கவில்லையே என்று சந்தேகப்படவும் இல்லை. நம் ஊர் மேடையில் வாசிக்கிறவனுக்கு என்றைக்குக் கேட்டிருக்கிறது? வெளியே போகும் என்று நம்பி வாசிப்பதுதானே வழக்கம்.

"சவுண்டே வர்லியே குரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மிக்சர்காரர் இருக்கிற குமிழையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் அடைப்புத் திறந்தால் கண்ணாடி ஜன்னல்கள் தெருவுக்கு வந்திருக்கும். "எல்லாத்தையும் கீழ இறக்குங்கண்ணா, நான் போய் மிதிச்சிட்டு வர்றேன்" என்றேன். யாரை என்று அவர் கேட்பதற்குள் நகர்ந்துவிட்டேன்.

ஆனால் எப்படிப் போவது? பூசை நடுவில் ஓட முடியுமா? கூப்பிடலாம் என்றால் அவர் கண்ணைத் திறக்கிற பாடில்லை, முகத்தில் அப்படியொரு பரவசம். முன்னால் போக ஒரே வழி நற்கருணை வரிசை. மாரியம்மன் கோயில் கூழ் வரிசையைத் தவிர வேறு வரிசை அறியாத நான், முன்னால் நின்றவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு பக்தியோடு நகர்ந்தேன். வரிசை ஆமை வேகத்தில் போனது. முன்வரிசைக்கு அருகில் வந்தபோது எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக். அந்த அம்மா தலைகுனிந்து முழங்காலில் இருந்தார். வீட்டுக் கதவுக்கு வெளியே கேட்டதையே இங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரிசையிலிருந்து ஓரடி விலகி ட்யூனரை ஓங்கி மிதித்தேன்.

கிட்டார் கோயில் முழுக்க நிறைந்தது. நன்றாகவே வாசித்தார், அதை மறைக்க மாட்டேன். அம்மா தலையைத் தூக்கினார். பீடத்தைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அதற்குள் வரிசை என்னைச் சாமியார் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பூசை முடிந்து ஹாலில் சாப்பாடு. மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "டோன் எப்படி பாஸ்? கொஞ்சம்கூட இரைச்சலே இல்ல, பாத்தீங்களா?"

"ஆமா சார். முதல் பாதில சுத்தமா இல்ல."

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

"பாதி வரைக்கும் வீட்டுல கேக்குற அதே டக் டக் தாம்பா. நீ வந்து எதையோ மிதிச்ச. அப்புறந்தான் என் புள்ள வாசிச்சது கேட்டுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வீட்டுலயும் அப்படி ஏதாவது மிதிக்க முடியுமா?"

பலகையைச் சர்வீசுக்கு என்று அன்றே என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். தூசு தட்டினேன், வயர்களைத் துடைத்தேன், திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது. ஹெட்போன் சாக்கெட் வேலை செய்யவில்லையாம், ஸ்பீக்கரில் மட்டும்தான் வருகிறதாம். அந்த சாக்கெட்டுக்குள்ளே ஒரு பாகம் போய்விட்டது சார், இங்கே எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றேன்.

மாதங்கள் ஆகின்றன. வாராவாரம் விசாரிக்கிறார். கப்பலில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் பேசும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்கும்: "யார்றா, அந்தத் தம்பியா? அவசரமே இல்லன்னு சொல்லு."

பாகம் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.