ரன் என்ற சொல்லுக்கு முப்பது வாக்கியங்கள்

போன மாதம் மகளின் பையில் சாப்பாட்டு டப்பாவைத் தேடினேன். மூடி சரியாக இல்லாமல் சாம்பார் ஆங்கில நோட்டில் வழிந்திருந்தது. துடைக்கத்தான் பிரித்தேன். பன்னிரண்டாவது படிக்கிறாள். சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'மிஸ்' என்ற சொல்லுக்கு அவள் எழுதியிருந்தது: நான் இல்லாமல் போனால் என்னை யாரும் தேடமாட்டார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

அந்த டிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். நானே போட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் வேலை பார்த்தேன். கீழே ரொட்டிக்கடை. நீள ரொட்டி வேகும் வாசனை படியேறி வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்கும் பசியைக் கிளப்பும். சீனாவில் ஆங்கிலம் கற்பவர்களுக்குப் பாடத்தாள் தயாரிப்பது எங்கள் தொழில். புதுச்சேரியில் உட்கார்ந்து சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தோம் என்றால் சிரிப்பீர்கள், நாங்களும் சிரித்தோம். ஒரு நாளைக்கு ஒரு சொல். அதன் அர்த்தங்கள், அதோடு சேர்ந்து வரும் மரபுத்தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் முதலாளி கண்டிப்பு. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம் என்பதால் அவரை சார் என்று சொல்லாமல், பிரெஞ்சு வழக்கப்படி முசே என்றுதான் கூப்பிடுவோம். "காப்பியடிச்சா சைனாக்காரன் கண்டுபுடிச்சிருவான். உங்க ஊட்டு விஷயத்த எழுதுங்க" என்பார். அப்படித்தான் எங்கள் வீட்டுப் பூனையும் அம்மாவின் முட்டிவலியும் சீனா போய்ச் சேர்ந்தன.

என்னோடு வேலை பார்த்த வளர்மதி எழுதுவாள், நான் திருத்துவேன். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்கோ எம்.ஏ. ஆங்கிலம் என்ற திமிர். யாராவது தப்பாக எழுதிவிட்டால் உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் அவளுக்கு 'ரன்' வந்தது. ஓடுவது மட்டுமா அது? கடை நடத்துவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன், துணியில் சாயம் போவதும் ரன், வீட்டில் அரிசி தீர்வதும் ரன். முப்பது வாக்கியம் எழுதினாள். என் கணவர் செல்போன் கடை நடத்துகிறார். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்து மூன்று நாள் ஆகிறது. என் கல்யாணப் புடவை சாயம் போய்விட்டது. ஓடிப்போக நினைப்பேன், ஞாயிற்றுக்கிழமை கதவு வெளியே பூட்டியிருக்கும். இந்த வாக்கியத்தில் கதவுக்கு முன்னால் ஒரு 'தி' விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிட்டு டிக் போட்டேன்.

ஆனாலும் ஏதோ உறுத்தியது. டீ குடிக்கும்போது கேட்டேன்.

"என்னாடி, எல்லாம் ஒரே சோகமா இருக்குது?"

"சும்மா எக்ஸாம்பிளுக்குக்கா. நீங்க பூனைய எழுதுனா நான் பூட்ட எழுதக் கூடாதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரத்திலேயே இதுதான் நல்ல தாள் என்று முசேவிடம் பாராட்டி வேறு வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. முந்தைய நாள் அவள் வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்றார்கள். நாங்கள் தவளக்குப்பம் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டு சாவியோடு தொங்கியது. ஒரு போலீஸ்காரர் என்னிடம், "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை என்றே அப்போது நம்பினேன்.

போன மாதம் அந்த ஆங்கில நோட்டை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். துடைக்க மறந்த சாம்பார் என் புடவையிலும் பட்டது.

"இது என்னா பாப்பா?"

"சும்மா சென்டென்ஸ்மா. டீச்சரே டிக் போட்டுட்டாங்க."

"டிக்க வுடு. நீ சொல்லு."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். பிறகு அழுதாள். அதன்பின் அவள் சொன்னதெல்லாம் அவளுடையது, இங்கே எழுதமாட்டேன். வாரம் ஒரு முறை மருத்துவரிடம் போய்வருகிறோம். குளியலறையில் அவள் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தாலும் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். "என்னாம்மா?" என்கிறாள். "சும்மாதான்" என்கிறேன்.

மருத்துவரிடம் போகும் வழியில்தான் அந்த மாடி. ரொட்டிக்கடை இல்லை. கீழும் மேலும் சேர்த்து மஞ்சள் பூசிக் காபிக் கடை ஆக்கிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். முசே பிரான்சுக்குப் போய்விட்டார். எங்கள் பாடத்தாள்கள் இருந்த கம்ப்யூட்டர்கள் பழைய இரும்போடு போயினவாம். வளர்மதியின் முப்பது வாக்கியங்களில் நாலுதான் எனக்கு நினைவிருக்கிறது. மற்ற இருபத்தாறையும் சீனாவில் யாரோ ஒருவர் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கலாம். அவற்றில் அவள் என்னிடம் வேறென்ன சொன்னாள் என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?