ஒன்பது பேரில் ஒருவன்

பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்ன ஒருவனைத் தவிர, மற்ற ஒன்பது பேருக்கும் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் நோய் திரும்பிவிட்டது என்று என் ஒன்பதாவது வயதில் உறுதியாக நம்பியிருந்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஒன்பது பேரோடு போய்ச் சேரப்போகிற அடுத்த ஆள் நான்தான் என்றும் நம்பினேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப் பேர் தூரத்தில் நின்றபடி இயேசுவைக் கூப்பிடுகிறார்கள். அவர் ஆசாரியர்களிடம் போகச் சொல்கிறார். போகிற வழியிலேயே பத்துப் பேருக்கும் சுகமாகிறது. ஒருவன் மட்டும் திரும்பி வந்து, உரத்த சத்தமாகக் கடவுளைப் புகழ்ந்து அவர் காலில் விழுகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். வேதத்தில் இருப்பது இவ்வளவுதான். மிச்சத்தைச் சேர்த்தவர் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு, தருமபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். வேதத்தில் எந்தக் கதை சட்டென்று முடிகிறதோ அங்கே தன் கைச்சரக்கை ஒரு பத்தி சேர்ப்பது அவர் வழக்கம். யோனாவை விழுங்கிய மீன் கடைசியில் மண்டபத்தூர்க் கரையில் ஒதுங்கியதாகக்கூட எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பத்துப் பேர் கதையைப் பிரசங்கித்துவிட்டு ஒன்பது பேரை அந்தரத்தில் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம், அவர்களுக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டேன்.

மாமா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்னாகும்? வீட்டுக்குப் போயி கதவத் தட்டுறதுக்குள்ள கன்னத்துல மறுபடி வெள்ளை வந்துடுச்சு. குடுத்தவருக்குத் திருப்பி வாங்கத் தெரியாதா?" சொல்லிவிட்டு, நூலகத்துக்குப் போவதாக அம்மாவிடம் அறிவித்து, சினிமாவுக்குப் போய்விட்டார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் நான் செத்துப் பிழைத்திருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு மனப்பாட வசன வகுப்பு. நான் அதற்குப் போகவில்லை. அரசலாறு கடலில் சேருமிடத்தில், கருங்கற்களின் இடுக்கில் நண்டு பிடிக்கப் போனேன். கல்லில் வைத்த புதுச்செருப்பில் ஒன்று தண்ணீரில் விழுந்தது. அது போய்விட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே யோசனையில் அதன் பின்னாலேயே இறங்கினேன். உயிரைவிடச் செருப்பைப் பெரிதாக நினைத்த மேதை நான். இரண்டாவது அடியில் கால் தரையைத் தொடவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தால் உப்புத்தண்ணீர்தான் உள்ளே போனது. கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பது தெரிந்தது, பிறகு தெரியவில்லை, மறுபடி தெரிந்தது. அப்புறம் யாரோ என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

அவர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த திருமலைராயன்பட்டினத்துக்காரர். வெள்ளைச் சட்டையோடும் கைக்கடிகாரத்தோடும் அப்படியே குதித்திருக்கிறார். என்னை மணலில் கிடத்தியதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "அல்ஹம்துலில்லாஹ்". அடுத்தது முதுகில் ஓர் அறை. குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது.

"யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார்.

அப்பா பெயரைச் சொன்னால் விஷயம் வீடு வந்து சேர்ந்துவிடும். வாயில் வந்ததைச் சொன்னேன்: "பாஸ்டர் பையன்." எந்தப் பாஸ்டர் என்று கேட்டார். அதற்கு மட்டும் உண்மையான விலாசத்தையே கொடுத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து ஓடினேன். காப்பாற்றியவர் கடவுளைப் புகழ்ந்துவிட்டார். காப்பாற்றப்பட்டவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்தேன். இன்னொன்றை நாய் தூக்கிப் போய்விட்டதாக அம்மாவிடம் சொன்னேன். அப்பா வீட்டில் இல்லை. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சபை நெல் மண்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் கூடும். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தி உட்காருவார்கள். சமையல் பாதியில் நிற்கும்போது கேஸ் சிலிண்டர் வந்துசேர்ந்ததற்காக ஒரு பெரியம்மா ஸ்தோத்திரம் சொல்வார். நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்காக இன்னொருவர். பாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்லிவிட்டுக் கடைசியில் கெஞ்சுகிற குரலில் கேட்பார்: "சிலிண்டருக்கும் ஸ்தோத்திரந்தாங்க, வேணாங்கல. பாவத்துலேருந்து நம்மள மீட்டெடுத்தாரே, அதுக்கு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்." அநேகமாக யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். அது எல்லாருக்கும் ஏற்கெனவே கிடைத்துவிட்ட சமாசாரம். அந்த வாரத்துப் புதுச் செய்தி அல்ல.

ஆனால் பத்துப் பேர் கதையைப் பிரசங்கித்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. அப்பா எழுந்து நின்றார். மின்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, சபையில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு ஜெபிப்பதையே வாய்க்குள் முடித்துக்கொள்வார். முன்நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மீட்பப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மீட்டதுக்காக ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கிறேன்" என்றார். குரல் உடைந்தது. உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாஸ்டரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில், நாலணா அளவுக்கு, வெளுத்த ஒரு வட்டம்.

அம்மா முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வயிற்றில் பூச்சி என்று தீர்ப்புச் சொல்லி வேப்பங்கொழுந்து அரைத்தாள். அம்மாவுக்குத் தெரியாத உண்மை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் சுகாதாரத் துறை எழுதி வைத்திருந்தது, உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று. ஊக்கை எடுத்துக் கன்னத்தில் குத்திப் பார்த்தேன். வலித்தது. இன்னும் முற்றவில்லை போலிருக்கிறது என்று முடிவுசெய்தேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் குத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் அந்த இடம் வெள்ளையாகவும் சிவப்பாகவும் இருந்தது. நோய் வேகமாகப் பரவுகிறது என்று சுகாதாரத் துறைக்கு எழுதிப் போடாத குறைதான்.

கொல்லையில் குளிக்கும்போது ரகசியமாக முப்பது முறை ஸ்தோத்திரம் சொன்னேன். குறையவில்லை. மாமாவிடம் போய், வேறு யாருக்காகவோ விசாரிப்பதுபோல, தனியாக நன்றி சொன்னால் செல்லுமா என்று கேட்டேன்.

"செல்லாதுடா," என்றார் மாமா யோசிக்காமல். "அந்தாளு உரத்த சத்தமாச் சொன்னான்ல? நாலு பேருக்குக் கேக்கணும்."

நாலு பேருக்குக் கேட்டால் அப்பாவுக்கும் கேட்கும். ஒரு பக்கம் குஷ்டம், இன்னொரு பக்கம் அப்பாவின் இடுப்புவார். அந்த வயதில் இரண்டும் எனக்கு ஏறக்குறைய ஒரே எடை.

அடுத்த ஞாயிறு அப்பா மறுபடி எழுந்தார். அதே ஒற்றை வாக்கியம், அதே உடைந்த குரல். அவர் உட்கார்ந்ததும், கண்ணை மூடிக்கொண்டு நானும் எழுந்துவிட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்தேன். "எங்க கோழி முட்டை போட்டதுக்காக ஸ்தோத்திரம்," என்றேன். பெரியம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்ப்பவர்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர் என்று எனக்கு நானே ஒதுக்கிக்கொண்டேன். என் உடம்பு போவதுகூடப் பெரிதில்லை, பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவளிடமிருந்து தள்ளித் தள்ளிப் படுத்துச் சுவரோடு சுவரானேன்.

மூன்றாம் ஞாயிறு, அப்பா சொல்லி உட்கார்ந்ததும் எழுந்தேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூடினால் கோழி வந்துவிடும். வசன வகுப்புக்குப் போகாதது, நண்டு, செருப்பு, தண்ணீர், தலைமயிர், பாஸ்டர் பையன் என்று சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உரத்த சத்தமாகக் கொட்டினேன். "நான் நன்றி சொல்லாம ஓடி வந்துட்டேன். அதனால அந்த ஒம்பது பேருக்கு வந்த மாதிரி எனக்கும் குஷ்டம் வந்துடுச்சு" என்று முடித்தேன். பிள்ளைகள் வரிசையில் பக்கத்தில் இருந்த பையன் பாயோடு சேர்ந்து ஒரு முழம் நகர்ந்தான். பின்வரிசையிலிருந்த மாமா தன் செருப்பைத் தேடி வெளியே போனார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஸ்டர், "ஸ்தோத்திரம். உக்காருப்பா" என்றார், இன்னொரு சிலிண்டர் வந்த செய்தியைக் கேட்டதுபோல. நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். அது இடுப்புவார்ப் பக்கம் போகவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "ஏறு" என்றார் அப்பா. சைக்கிள் பாலத்தைத் தாண்டித் தெற்கே திருமலைராயன்பட்டினத்துக்குப் போனது. இரண்டு தெரு திரும்பி ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றது. என்னைக் காப்பாற்றியவரின் வீடு எது என்று நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்ன சொல்வது, காலில் விழ வேண்டுமா என்பதிலேயே புத்தி இருந்தது.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவர் வியாழக்கிழமையே சவூதிக்குக் கிளம்பிப் போய்விட்டார் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானா அந்தப் பாஸ்டர் புள்ள? இவுக ஒன் செருப்பத் தேடி எடுத்துக்கிட்டு பாஸ்டரு வீட்டுக்கே போயிட்டாக. எனக்குப் புள்ளையே இல்லைங்கன்னு அவரு சொன்னாராம். அப்புறம் அடையாளத்தக் கேட்டுட்டு, செருப்ப வாங்கி ஒங்கப்பாகிட்ட குடுத்து அனுப்பி வச்சிருக்காரு. அன்னைக்கு சாயங்காலம் மக்ரிப் தொழுகை நேரத்துக்கு இந்த வாசல்ல வந்து நின்னாரு பாரு, கையில ஒத்தச் செருப்போட. இவுக கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு."

அப்பா சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் ஏன் அந்த வாரம் அந்தக் கதையை எடுத்தார் என்பது எனக்கு விளங்க மேலும் சில வருடங்கள் ஆயின. அப்பாவின் அந்த ஒற்றை வாக்கியம் விளங்க, எனக்கே ஒரு மகன் பிறக்க வேண்டியிருந்தது. நான் நன்றி சொல்லத் துடித்தது, கிடைத்தது பறிபோய்விடுமே என்று. அப்பா சொன்னது, கிடைத்துவிட்டதே என்று. வருடக்கணக்கில் காதில் விழுந்துகொண்டிருந்த மீட்பு எவ்வளவு பெரியது என்று, அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று எங்கள் சபையில் அந்த வாக்கியத்தைச் சொல்கிறவன் நான். நான் எழுந்தாலே கோழி என்று யாராவது முணுமுணுப்பார்கள், அது வேறு விஷயம்.

வேதத்தை எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பது பேருக்கும் நோய் திரும்பியதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்கே என்று கேட்டாரே தவிர, கொடுத்ததை அவர் திருப்பி வாங்கவில்லை. என் கன்னத்தில் இருந்தது வெறும் தேமல். ஊக்கால் குத்துவதை நிறுத்தியதும் ஒரு மாதத்தில் போய்விட்டது.

நான் தண்ணீரில் விழுந்த அந்தச் சனிக்கிழமை அப்பா இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். நான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, செருப்பைத் தூக்கிப் போன நாயின் நிறத்தை அம்மாவிடம் விவரித்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். மயிரில் இன்னும் உப்பும் மணலும் ஒட்டியிருந்தன. ஏன் என்று கேட்கவில்லை. அவர் தோளில் தொங்கிய மஞ்சள் பைக்குள் என் செருப்பு இருந்தது.