கிணற்றிலிருந்து கிளம்ப வேண்டிய ரோலர் கோஸ்டர்

1997 ஐப்பசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ரோலர் கோஸ்டர் பார்க்கப் போனேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே இன்னும் முழுசாகப் புரிந்தபாடில்லை, அதனால்தான் எழுதிவைக்கிறேன். என்னோடு ஐ.டி.ஐ. படித்த சிக்கந்தர், வளைகுடாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ஃபிட்டராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். "ஏலே, ஞாயித்துக்கிழம ஓட்டப் போறேன், வந்துரு" என்று கார்டு போட்டிருந்தான்.

மதுரையில் காலை ஐந்தரைக்கு பஸ். காரியாபட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். ஏழு மணிக்கு அருப்புக்கோட்டை. டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து திருச்சுழி பஸ், மூன்று ரூபாய். கண்டக்டரிடம் சிக்கந்தர் இடத்தை விசாரித்தேன். "அவுகளா? கருவேலங்காட்டுக்குள்ள இரும்பு தெரியும், எறங்கிக்கிருங்க" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் விசில் கொடுத்துவிட்டார். தப்பான பக்கம் அரை கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். மூன்று நாளாக மழையாம்.

சாதாரண ரோலர் கோஸ்டரைச் சங்கிலி மேலே இழுத்துப்போய் விட்டுவிடும். சிக்கந்தர் சொந்தமாகக் கட்டியிருந்த இதை நின்ற இடத்திலிருந்தே சுண்டி எறிய வேண்டும். மேல்நாட்டில் எழுபதுகளில் பெரிய எடையை விழவிட்டு, அந்த வேகத்தில் வண்டியை இழுத்தார்களாம். சிலர் கனமான சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். இப்போது மின்காந்தம். அது எப்படி என்று இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். சிக்கந்தருக்குக் கட்டுப்படியானது எடைதான். எடை விழக் கோபுரம் கட்டாமல், ஏழு வருஷமாக வறண்டுகிடந்த அறுபதடிக் கிணற்றைப் பிடித்துக்கொண்டான். ஒன்றரை டன் இரும்பு அதற்குள் விழும். கம்பிவடம் கப்பிகள் வழியாக வண்டியை இழுத்து இருபதடி மேட்டைத் தாண்டவைக்கும். கிணறு அவன் மனைவி ரகுமத்துக்கு அவர் வாப்பா கொடுத்தது. "தண்ணி ஊறுற வரைக்குந்தான் ஒங்களுக்கு" என்று சொல்லித்தான் ரகுமத் அதை விட்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பொருட்காட்சி காண்ட்ராக்டர் வருகிறார். வண்டி மேடு தாண்டினால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் மூன்று வருஷ உழைப்பும் பழைய இரும்புதான். நான் போனபோது பாதிக் கிணறு தண்ணீர். மணல் மூட்டை ஏற்றி ஒரு தடவை விட்டுப் பார்த்தோம். எடை தண்ணீரில் தொப்பென்று விழுந்து வேகம் போய்விட்டது. வண்டி பாதி மேடு ஏறித் திரும்பி வந்தது.

"இன்னைக்கு ஒருநா ஓட்டிக்கிருங்க" என்று ரகுமத்தே, துணி சுற்றிவைத்திருந்த மோட்டாரைப் போட்டார். ஏழு வருஷம் காத்திருந்து வந்த தண்ணீரை அவரே கட்டாந்தரையில் கொட்டுகிறார். அது குறையட்டும் என்று வேண்டுவதா, குறையக் கூடாது என்று வேண்டுவதா? பதினொன்றரை வரை இறைத்தும் மட்டம் ஒரு படிகூட இறங்கவில்லை. பக்கச் சுவரில் ஊற்று பீறிட்டுக்கொண்டிருந்தது.

மிச்சத்தைச் சொல்வதற்கு முன், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழைக்காலம் என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். ரோலர் கோஸ்டர் எங்கே என்று தேடாதீர்கள், அடுத்த மாதமே பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டது. நான் பார்க்கப் போனது நடந்ததா இல்லையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

சிக்கந்தர் அவனே போய் மோட்டாரை நிறுத்தினான். "போதும் ரகுமத்து. வெதப்புக்குத் தண்ணி வேணும்." அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஜீப் வந்து நின்றது. காண்ட்ராக்டர் இறங்கி, "எங்க, வண்டிய ஓட்டுங்க பாப்போம்" என்றார்.

சிக்கந்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வாங்க, மொதல்ல எங்க கெணத்தப் பாருங்க."