எல்வினின் தூசுக் கணக்கு

ஜெயசுதாவும் எல்வினும் வேலூரில் ஒரே ஆய்வறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஒடுகத்தூர் மளிகைக்கடைக்காரரின் மகள். அவன் காவலூர்க்காரன், கணவனை இழந்த மார்த்தாளின் ஒரே பிள்ளை.

வயதான விண்மீன் ஒன்றைச் சுற்றி எவ்வளவு தூசு இருக்கிறது என்று கண்டறிவதுதான் இருவரின் வேலை. தூசு அந்த விண்மீனின் ஒளியை வாங்கிச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வெளியே விடும். அதை அளந்தால் தூசின் அளவைக் கணக்கிடலாம். ஒவ்வொரு துகளையும் கெட்டியான உருண்டை என்று வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். எல்வினின் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை வெளிவந்தது. மார்த்தாள் அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவில் வண்டி சறுக்கி எல்வின் இறந்துபோனான்.

ஜெயசுதா பல வாரங்கள் கணினிப் பக்கமே போகவில்லை. மீண்டும் உட்கார்ந்தபோது, சில அலைநீளங்களில் கணக்கும் அளவீடும் ஒட்டாதது உறுத்தியது. "அப்புறம் பாத்துக்கலாம் சுதா" என்று எல்வின் தள்ளிப்போட்ட இடம் அது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே வெற்றிடம் விட்ட கொத்துகளாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கை மாற்றி எழுதினாள். பொருந்தியது. அதே எடைக்குக் கொத்துகள் கூடுதலாக ஒளிவிட்டன. அப்படியானால் அங்கிருக்கும் தூசு, எல்வின் சொன்னதில் பாதிகூட இல்லை.

அவள் யாரிடமும் சொல்லாமல் காவலூருக்குப் பேருந்து ஏறினாள்.

"அம்மா, எல்வின் போட்ட கணக்கு தப்புன்னு வந்திருக்குதுங்க. நானும் கூட இருந்துதான் போட்டேன்."

மார்த்தாள் சுவரைப் பார்த்தாள். "ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்களா?"

"ஐயோ, இல்லீங்கம்மா. அளந்ததெல்லாம் சரிதான். தூசிய கோலிகுண்டு மாதிரி நெனச்சிட்டோம். அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குது."

"அவன் உசுரோட இருந்தா இன்னா பண்ணியிருப்பான்?"

"அவனே தப்புன்னு எழுதியிருப்பான்."

மார்த்தாள் எழுந்துபோய் அந்தச் சட்டத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "எழுதும்மா. ஆனா அவன் பேர வுட்டுடாத. தப்ப சொல்ற எடத்துலயும் அவன் பேரு இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. பிழை யாருடையது, எங்கே என்பதை ஜெயசுதா முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தாள். ஆசிரியர் வரிசையில் எல்வினின் பெயரும் இருந்தது. அதன் அருகே 'மறைந்தவர்' என்று குறிப்பிட வேண்டியிருந்தது. அதை மட்டும் அவளால் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஆய்வறைத் தோழி மஞ்சுளாதான் செய்துகொடுத்தாள்.