ஆறு நிமிடம் முன்னால் ஓடிய கைக்கடிகாரம்

என் கணவருக்கு ஆஃபர் என்று எழுதிய பலகையைக் கண்டால் கால் நின்றுவிடும். பர் துபாய் மீனா பஜாருக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போன ஒரு சாயங்காலம், துணிக்கடைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த வாட்ச் கடை வாசலில் அவருடைய கால் அப்படித்தான் நின்றது. நான் துணி எடுத்து, லைனிங் எடுத்து, தையல்காரரிடம் அளவும் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் மனுஷர் அதே கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டில் புது வாட்ச். இதற்கு நாம் மணி வைக்கவே வேண்டாம், ரேடியோ சிக்னலைப் பிடித்து அதுவே வைத்துக்கொள்ளும், ஆயுசுக்கும் தொட வேண்டாம் என்று கடைக்காரர் ஹிந்தியில் சொன்னாராம். வீட்டில் ஏற்கெனவே மூன்று கிடக்கிறதே என்றேன். அதெல்லாம் நாம் வைத்த மணியைக் காட்டுகிறது, இது நிஜமான மணியைக் காட்டும் என்றார். கார் நிறுத்திய இடம் வரைக்கும் நான் அவருடன் பேசவில்லை.

ஷார்ஜாவுக்குத் திரும்பும் சாலையில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. பின் சீட்டில் பையன் தூங்கிவிட்டான். இவருக்குப் பேச ஆள் வேண்டுமே, என்னிடம் விளக்க ஆரம்பித்தார். ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று சில நாடுகளில் பிசகாத அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது சொல்லும் நேரத்தை ஒரு கோபுரத்திலிருந்து ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு. எந்தத் துடிப்பு குட்டை, எது நெட்டை என்பதில்தான் சேதி இருக்கிறது. ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டால் மணி, நிமிடம், தேதி, வருஷம் எல்லாம் தெரிந்துவிடும். வாட்ச்சுக்குள் செம்புக் கம்பி சுற்றிய பொடிக் குச்சி ஒன்று இருக்கிறது, அதுதான் அதற்குக் காது. நாம் தூங்கும்போது அது கேட்டு, தன் முள்ளைத் தானே திருத்திக்கொள்ளும்.

“அப்ப நீங்க தூங்குறப்பவாவது வீட்டுல ஒண்ணு வேலை செய்யும்னு சொல்லுங்க” என்றேன். சிரித்துவிட்டார். எனக்கும் கோபம் போய்விட்டது.

படுக்கப் போகுமுன் வாட்ச்சைக் கழற்றி ஜன்னல் ஓரம் வைப்பார். காலையில் பல் தேய்க்குமுன் அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். விநாடி முள் கிடுகிடுவென்று ஓடி ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் நின்றால் சிக்னல் கிடைத்தது என்று அர்த்தம், ‘என்’ எழுத்தில் நின்றால் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் ‘என்’தான். முதலில் ஏசியைச் சந்தேகப்பட்டார், பிறகு ஃபிரிட்ஜை, பிறகு வைஃபை பெட்டியை, அப்புறம் எதிர் பில்டிங்கை. என் மணி பிளான்ட் தொட்டி மூன்று இடம் மாறியது. ஒருநாள் இருட்டிய பிறகு எங்களை மம்ஸார் கடற்கரைக்குக் கூட்டிப் போய், கார் கூரைமேல் வாட்ச்சை வைத்து, ஜெர்மனி எந்தப் பக்கம் என்று போனில் திசை பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் காரில் வந்த குடும்பம் எங்களையே பார்த்தது. மானம் போகிறது என்று நான் திட்டத் திட்ட, பையன் ஷவர்மாவைத் தின்றபடி அப்பாவுக்குத் துணையாக நின்றான்.

வாட்ச்சோடு வந்த புத்தகத்தைக் கடைசியில் நான்தான் புரட்டினேன். உலகப் படம் ஒன்று போட்டு, ஒவ்வொரு கோபுரத்தைச் சுற்றியும் அதன் அலை எட்டும் தூரத்துக்கு வட்டம் வரைந்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கு மேல் வட்டம், ஜப்பானுக்கு மேல், அமெரிக்காவுக்கு மேல். வளைகுடா எந்த வட்டத்துக்குள்ளும் இல்லை. துபாய், ஷார்ஜா, குவைத், மஸ்கட், எதுவுமே இல்லை. நம்ம ஊரும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “மாஃபி சிக்னல். கலாஸ்” என்றார், சிக்னல் இல்லை, முடிந்தது என்று அரபியில். கடையில் திருப்பிக் கொடுங்கள் என்றால் கேட்கவில்லை, கையில் போட்டுப் பழகிவிட்டதாம்.

அன்றைக்கே வாட்ச்சில் ஊர் என்ற இடத்தில் துபாய் என்று வைத்து, மணியைக் கையாலேயே திருத்தினார். திருத்தியவர் சரியான மணிக்கா வைத்தார்? ஆறு நிமிடம் கூட்டி வைத்தார். ஷார்ஜாவில் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் துபாய் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் நேரம் எங்கேயோ போய்விடும், அதற்காக எப்போதுமே அவர் வாட்ச் ஆறு நிமிடம் முன்னால்தான் ஓடும். முன்னால் ஓடுகிறது என்று தெரிந்தபின் மனசு அதைக் கழித்துக்கொள்ளாதா என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். அவருக்குக் கழிக்கத் தெரியாது. ஏமாற்றியவரும் அவரே, ஏமாந்தவரும் அவரே. “வேற ஊரா இருந்தா இது ராத்திரியே திருத்திக்கும். இங்கதான் என் பேச்சைக் கேட்குது” என்று பெருமை வேறு. அதன்பின் நாலைந்து வருஷம் அது அவர் பேச்சைத்தான் கேட்டது.

அவர் ஆபீஸ் பார்க்கிங்கில் காரைவிட்டு இறங்கும்போது விழுந்தார். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மலையாளி நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொன்னது கேட்டது, புரிந்தது, ஆனால் எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. காருக்கு பார்க்கிங் காசு கட்டினாரோ என்னவோ என்று அவளிடம் கேட்டேன். அவள் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தாள். கண்ணாடி, பர்ஸ், மோதிரம், வாட்ச். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பைக்குள் பார்த்தேன். வாட்ச் ஆறு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாம் காகித வேலை. கையெழுத்து, முத்திரை, பாஸ்போர்ட் ரத்து, விமானத்தில் பெட்டி. அவர் ஆபீஸ்காரர்கள் நல்லவர்கள், கூடவே நின்றார்கள். திருச்சியில் கொள்ளி வைத்தது பையன். மொட்டைத் தலையோடு அவன் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. நானும் அழவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, விலகி என் முகத்தைப் பார்ப்பார்கள். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு என்று அவருடைய சித்தி என் காதுபடவே சொன்னார். எனக்கு மட்டும் அழ ஆசை இல்லையா? வரவில்லை, என்ன செய்வது.

ஷார்ஜாவுக்குத் திரும்பினோம். பையனுக்குப் படிப்பு முடிய இரண்டு வருஷம் இருந்தது. அவர் பேரில் இருந்த என் விசாவை நான் கணக்கு எழுதிய கம்பெனிக்கே மாற்றி, அவனையும் என் பேரில் சேர்த்தேன். சின்ன பிளாட்டுக்கு மாறினோம். காலையில் அவன் பள்ளிக்கூடம், நான் டூட்டி, ராத்திரி சாப்பாடு, தூக்கம். சாப்பிடும்போது பரீட்சை பற்றிப் பேசுவோம், பால் தீர்ந்தது பற்றிப் பேசுவோம். அப்பா என்ற சொல் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. பல்லில் வலி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மெல்லுவோமே, அப்படி அந்தச் சொல்லை விட்டுவிட்டே பேசினோம். உள்ளே அவனுக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது, கேட்கத் துணிச்சல் இல்லை.

வாட்ச்சை அடுக்களை ஜன்னலில் வைத்தேன். அது வெளிச்சத்தில் ஓடுவது, அலமாரிக்குள் போட்டால் நின்றுவிடும். காலையில் எனக்கு அதுதான் கடிகாரம். தோசையைத் திருப்பிக்கொண்டே அதைப் பார்ப்பேன், நேரமாச்சு என்று பதறுவேன், ஓடிப்போய் கீழே நின்றால் மாதக் காசுக்கு என்னையும் இன்னும் சிலரையும் டூட்டிக்கு ஏற்றிப்போகும் கார் லிஃப்ட்காரர் வந்திருக்கவே மாட்டார். ஆறு நிமிடம் என்று தெரிந்தும் நான் கழிக்கவில்லை. மாதத்துக்குச் சில விநாடி அது தன்பாட்டில் தள்ளிப்போகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, அதையும் நான் திருத்தவில்லை. துணிமணியைக் கொடுத்தாகிவிட்டது, காரை விற்றாகிவிட்டது, செல்போன் நம்பர்கூட வேறு யாருக்கோ போய்விட்டது. அவர் விரல் வைத்தபடியே இன்னும் நடந்துகொண்டிருந்தது அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதைக் கைவிட எனக்கு மனசில்லை.

பையனுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது. அவனே தேடி, அவனே எழுதி, அவனே வாங்கிய இடம். பெட்டி கட்டும்போது ரசப்பொடி டப்பாவை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, அந்த வாட்ச்சை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

அப்பா வாட்ச் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வாட்ச். அவன் கை நீட்டிக்கூடக் கேட்கவில்லை, நான் முடியாது என்றால் பேசாமல் போய்விடுவான் என்று தெரிந்தது. எடுத்துக்கோ என்றேன். அவன் அந்தப்பக்கம் போனதும் டிராயரைத் திறந்து புத்தகத்தில் அந்த உலகப் படத்தைப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தேன். ஐரோப்பா வட்டத்துக்கு நடுப்புள்ளியே ஜெர்மனிதான். அங்கே போய் ஊரை மாற்றி வைப்பான், ஒரு ராத்திரி ஜன்னல் ஓரம் வைப்பான், அவ்வளவுதான், அவர் கூட்டி வைத்த ஆறு நிமிடம் போய்விடும். அதைச் சொல்லி வாட்ச்சை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் அவருடைய பொருளில் அவன் கேட்டது இது ஒன்றுதான். அதை எப்படி மறுப்பது? ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையாட்டினான். மெலிந்த மணிக்கட்டில் வாட்ச் தொளதொளவென்று இருந்தது. பட்டையில் வளையம் இரண்டு கழற்றியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதும் கண் வறண்டுதான் இருந்தது.

அதன்பிறகு காலையில் போனைப் பார்த்துத்தான் தோசை சுட்டேன். சரியான நேரத்துக்குக் கீழே இறங்கினேன். கார் லிஃப்ட்காரர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். குளிர், ரூம், பஸ் பாஸ், ஃபிரிட்ஜில் யாரோ அவன் தயிரை எடுத்துச் சாப்பிட்டது. வாட்ச் பற்றி அவனாகச் சொல்லவில்லை, நானாகக் கேட்கவில்லை. வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு போனில் முகத்தைக் காட்டிப் பேசும்போது ஸ்வெட்டர் கைக்கு வெளியே அது தெரிந்தது. வாய் தவறி வந்ததுபோல் கேட்டுவிட்டேன், வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று.

ஓடுகிறது என்றான். அங்கே போன முதல் ராத்திரியே சிக்னல் பிடித்துவிட்டதாம். காலையில் பொத்தானை அழுத்தினால் முள் ‘ஒய்’யில் போய் நின்றதாம். ஆறு நிமிடத்தையும் காணவில்லை.

அதற்குத்தானே அதை வாங்கினார் என்றேன். என் குரல் எனக்கே வங்கியில் பேசுகிற குரல்போல இருந்தது. முடிந்தது, அதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

“ஆனா நான் தினமும் காலையில ஆறு நிமிஷம் கூட்டி வெச்சுடறேம்மா. ராத்திரி அது மறுபடி சரி பண்ணிக்குது. காலையில நான் மறுபடி வெக்கிறேன்.”

தினமுமா என்று கேட்டேன். தினமும்தான் என்றான். இத்தனை நாளில் முதல்தடவையாக அவன் தன் வலியை என்னிடம் காட்டுகிறான், நான் என்ன செய்தேன்? புத்தகத்தில் படித்த யோசனையைச் சொன்னேன். ஊரை துபாய் என்றே வைத்துவிட்டால் அது சிக்னலைத் தேடவே தேடாது, மணியை மட்டும் அந்த ஊர்க் கணக்குக்கு மாற்றிக்கொள், ஒரு தடவை ஆறு நிமிடம் கூட்டி வைத்தால் அப்படியே கிடக்கும், தினமும் நீ கஷ்டப்பட வேண்டாம்.

“தெரியும்மா” என்றான். கொஞ்ச நேரம் திரையில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. குனிந்திருந்தான்.

“அப்படி வெச்சா அப்புறம் நான் அதைத் தொட வேண்டிய வேலையே இருக்காதேம்மா. அப்பாவை மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

அப்பா என்று சொன்னான். என் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது, அதைக் கீழே வைத்தேன். முதலில் மூச்சு முட்டியது, என்னவோ ஆகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அழுகிறேன் என்று புரிந்தது. சத்தம் போட்டு அழுதேன். அங்கே அவனும் அழுதான். அம்மா, அம்மா என்றான். போனை யாரும் வைக்கவில்லை.