நாலு மணி நாடகமும் நாலு பன்னிரண்டு விமர்சகரும்

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, மாலை 4:12. ஒரு நாடக விமர்சகரை அரங்கத்துக்குள் விடாமல் வாசலில் நிறுத்தி வைத்தேன். வேண்டுமென்றே!

அமெரிக்காவின் எடிசன் நகரில் சுனிதா என்ற லக்னோப் பெண் ஓர் இந்தி நாடகக் குழு நடத்துகிறார். பகலில் ஐ.டி. வேலை, மாலையில் ஒத்திகை. என் மனைவி ஹேமா அதில் நடிக்கிறாள். எனக்கு இந்தி அரைகுறை என்பதால் வாசல் பொறுப்பு.

இதற்கு முன் மூன்று நாடகங்கள் போட்டார்கள். மூன்றுக்கும் உள்ளூர் இந்திய வார இதழில் விமர்சனம் வந்தது. வெட்டி டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் விமர்சனம் பதினொரு வரி. அதில் ஏழு வரி, நாடகம் நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது பற்றி. இரண்டாவதில் தாமதமும் பார்க்கிங்கும். மூன்றாவதில் தாமதமும் ஆறிப்போன சமோசாவும். நாடகம்? கடைசி வரியில்: "நடிகர்கள் முயன்றனர்."

நாலு மணி என்று போட்டால் ஜனம் நாலேகாலுக்கு வரும். வரட்டும் என்று நாங்கள் காத்திருப்போம். காத்திருப்போம் என்று தெரிந்ததும் நாலே முக்காலுக்கு வரும்... யாரைக் குறை சொல்வது?

"நாலாவது நாடகத்துக்கும் இப்படியே எழுதினால் குழுவைக் கலைத்துவிடுவேன்" என்றார் சுனிதா. வெறும் பேச்சில்லை. ஐந்தாவது நாடகத்துக்கு ஹால் புக் செய்வதையே நிறுத்திவிட்டார். எனக்கு ஒரே உத்தரவு — "நாலு மணிக்குக் கதவை மூடுங்கள். முதல் காட்சி முடியும்வரை என் அம்மா வந்தாலும் விடாதீர்கள்!"

மூடினேன். பாதி நாற்காலிகள் காலி.

4:12-க்கு ஒருவர் இந்தியில் ஏதோ சொல்லியபடி வேகமாக வந்தார். அறுபது வயதிருக்கும். என் சட்டையில் இருந்த பெயரட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். டெல்லித் தமிழர்.

"கதவைத் திறங்கோ சார். நான்தான் ரெவ்யூ எழுதறவன்."

கதவுக்குக் குறுக்கே நின்றேன். "சாரி சார். ஃபர்ஸ்ட் சீன் ஓடிண்டிருக்கு. 4:26-க்கு விடறேன்."

"ஆரம்பிச்சாச்சா? நம்ம ஜனங்க என்னிக்கு சார் டயத்துக்கு ஆரம்பிச்சிருக்கா?"

"இன்னிக்கு சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாலு நிமிடமும் நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4:26-க்குக் கதவைத் திறந்து, கடைசி வரிசையில் உட்கார வைத்தேன்.

திரும்பும்போது காரில் ஹேமா பொரிந்தாள். "ஏங்க, எழுதறவரையே வெளியில உக்கார வச்சிருக்கீங்க! உங்க வாட்சால ஒரு நாடகக் கம்பெனியே மூடப்போகுது."

"அவங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?"

"சொன்னா? கொஞ்சம் மூளையும் யூஸ் பண்ணணும்."

அடுத்த நான்கு நாளும் டைரியில் ஒரே வாசகம்: "சரியாகத் தூங்கவில்லை."

வியாழன் காலை இதழ் வந்தது. ஹேமா சத்தமாகப் படித்தாள். முப்பத்திரண்டு வரி!

"நான் பன்னிரண்டு நிமிடம் தாமதம். ஆகவே முதல் காட்சியைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை" என்று தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு முழுக்க நாடகம்தான். கதாநாயகன் கத்துகிறார். இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் வெட்டலாம். மகன் கடிதத்தைக் கிழிக்கும் காட்சி அருமை. வீட்டுக்காரம்மாவுக்குக் கோபமே வரவில்லை...

வீட்டுக்காரம்மாவாக நடித்தது ஹேமாதான்.

"எனக்கா கோபம் வரல? நாலு நாளா நம்ம வீட்டுல வந்து பாத்திருக்கணும் அந்த மாமா!"

அதற்குள் சுனிதாவின் போன். இருபது நிமிடம் வெட்டச் சொல்லியிருக்கிறாரே, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்! இந்தியில் அவர் படபடத்ததை என் அரைகுறைத் தமிழாக்கத்தில் தருகிறேன்: "மூணு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் என் நாடகத்தைத் திட்டியிருக்கார் அண்ணா! அந்த இருபது நிமிஷம் எதுன்னு எனக்கும் தெரியும். ஹால் புக் பண்ணிட்டேன்."

அன்றிரவு எட்டு மணி நேரம் தூங்கினேன்.

பாராட்டாவிட்டால் பரவாயில்லை. திட்டுவதென்றாலும் மேடையைப் பார்த்துத் திட்டுங்கள் — சமோசாவைப் பார்த்து வேண்டாம்.