குடிக்காதவர் செய்த சத்தியம்

என் கணவரின் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் வேலை முடிந்து கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் காலை வைத்ததும், முதலில் முன்னால் போனது என் மூக்குத்தான்.

காரணம் அவருடைய கண்கள். மஞ்சளாகியிருந்தன. மூன்றாம் மாடிக்கு ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கியது. முதலில் பார்த்த டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் நோயாக இருக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிக்கிறனீங்களோ?" என்றார். இவர் இல்லை என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

இவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, அது போதும். நான் மருமகளாக வருமுன்பே போய்விட்ட மாமாவுக்கும் இதே மஞ்சள் கண்களாம். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் அவர் ஒளித்துக் குடிக்கிறார் என்று அக்கம்பக்கம் எல்லாம் கதைத்தார்களாம். மாமி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் அவரை அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யவைத்தார். 'இனிக் குடிக்கமாட்டன்' என்றாராம் மாமா. சாகும்வரை கண்கள் மட்டும் வெளுக்கவில்லை. சத்தியத்தை மீறிவிட்டார் என்றே மாமி நம்பினார்.

இப்போது மகனுக்கும் கற்பூரம் வாங்கி வந்தார்.

"சத்தியம் பண்ணு. இனிக் குடிக்கமாட்டன் எண்டு சொல்லு."

"குடிச்சால்தானே அம்மா விடுறதுக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீரும் நம்பேல்லையோ?"

நான் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது.

நல்லவேளை, இரத்தப் பரிசோதனை முடிவு ஈரல் நோய்க்குப் பொருந்தவில்லை. டொக்டர் எங்களை இரத்த நோய் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். மாமியும் கூட வந்தார். உண்மை வெளியே வரும்போது தான் அங்கே இருக்கவேண்டுமாம்.

அந்த லேடி டொக்டர் நல்ல பொறுமைசாலி. இவருடைய ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் எங்களுக்கே காட்டினார்.

"நல்ல செல் தட்டையா, நடுவிலை பள்ளமா இருக்கும். இவருக்குக் கனக்கச் செல் உருண்டையா இருக்கு. மண்ணீரலுக்குள்ளை ஒடுக்கமான வழி. தட்டையானது வளைஞ்சு போயிடும், உருண்டை மாட்டுப்பட்டு உடைஞ்சிடும். அப்பிடி உடையிற இரத்தத்தாலைதான் இந்த மஞ்சள். ஈரலிலை ஒரு பிழையும் இல்லை. இது பிறவியிலை வாறது. அப்பாவிட்டையிருந்து பிள்ளைக்கு வரும்."

குனிந்து பார்த்தேன். என்ன வடிவு! பெருவிரலால் நடுவில் அழுத்திவிட்ட மாவுருண்டைகள் போலச் சில. அவற்றுக்கிடையே அழுத்த மறந்தவை போலச் சின்னச் சின்னதாய், கடும் சிவப்பாய் எத்தனையோ உருண்டைகள். என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும் மனிதருக்குள் இத்தனை காலமும் இவை உடைந்து உடைந்து, புதிதாகப் பிறந்துகொண்டே இருந்திருக்கின்றன. நான் ஒருநாளும் காணாத மாமாவும் அந்தக் கண்ணாடித் துண்டில் இருந்தார்.

கடைசியாகப் பார்த்தது மாமி. அவர் நிமிர நெடுநேரம் எடுத்தது.

"இவன்ரை தகப்பனுக்கும் இதுதானோ?"

"இப்ப சோதிக்க ஏலாது அம்மா. ஆனா அப்பிடித்தான் இருந்திருக்கும்."

ஓட்டோவில் திரும்பினோம். காலி வீதி நெரிசலில் சிவப்பு லைட்டுக்கு நின்றபோது, மாமி மகனைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்காத மனுசன், இனிக் குடிக்கமாட்டன் எண்டு ஏன் சத்தியம் பண்ணினவர்?"

மாமா சத்தியம் செய்தபோது இவருக்கு எட்டு வயது. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் சாப்பிடோணும் எண்டுதான், அம்மா. கோயிலாலை வந்த உடனை சோறு குழைச்சு உங்கடை வாயிலை தீத்தினவரெல்லே."